தாம்பூலப் பையில் மை கசிவது ஏன்? ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு எந்த டேப் சரி?

முகூர்த்தத்துக்கு இன்னும் 2 நாள்தான் இருக்கிறது. மஞ்சள் துணிப் பையில் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் சிவப்பு மையில் ஏற வேண்டும். மொத்தம் 500 பை. முதல் 50 பை பளிச்சென்று வருகிறது. அதன் பிறகு பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறது. பத்துப் பை தாண்டியதும் அந்தப் புள்ளி கோடாக நீள்கிறது. ஸ்க்ரீனைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் ஒட்டிய டேப் ஊறிப்போய், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் ஒரு சின்ன அறையில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, கோவில் திருவிழா பனியன், கடைகளுக்கான துணிப் பை என்று வேலை பலவிதமாக வரும். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. துணிப் பையில் பெயர் அச்சிடும் வேலைக்கு இவை கூடுதல் முக்கியத்துவம் தந்தன. ஆனால் மை சிந்திய பையை வாங்கிக்கொள்ள யாரும் தயாராக இல்லை. தேதி போட்ட பை என்பதால் அதை வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது. நஷ்டம் முழுக்க அச்சிடுபவர் தலையில்தான் விழும்.

ஸ்க்ரீனுக்கு டேப் எதற்கு?

மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ இழுத்துக் கட்டிய வலைத் துணிதான் ஸ்க்ரீன். எழுத்தும் படமும் வர வேண்டிய இடத்தைத் தவிர மற்ற இடங்களைக் கோட்டிங் அடைத்திருக்கும். ஆனால் சட்டத்தை ஒட்டிய நாலு ஓரமும் பெரும்பாலும் கோட்டிங் இல்லாமல் திறந்தே இருக்கும். வலையும் சட்டமும் சேரும் இடுக்கில் மை இறங்கிவிட்டால், அது எந்த நேரத்தில் எங்கே சொட்டும் என்று சொல்ல முடியாது. அந்த ஓரத்தை அடைப்பதுதான் டேப்பின் வேலை. வேலை முடிந்து கழுவும்போது சட்டத்தில் மை படியாமல் காப்பதும் அதுதான்.

'அட, டேப்தானே... எதையாவது ஒட்டினா போதாதா?'

போதாது. காரணம், கடையில் கிடைக்கும் ஒவ்வொரு டேப்பும் வேறு ஏதோ ஒரு வேலைக்காகப் பிறந்தது.

காகிதத்தால் ஆன மாஸ்கிங் டேப்பை எடுத்துக்கொள்வோம். 1925-ல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ உருவாக்கியது இது. அப்போது கார்களுக்கு இரண்டு நிறம் அடிப்பது வழக்கமாக இருந்தது. ஒரு நிறம் இன்னொன்றில் ஏறாமல் தடுக்கவும், வேலை முடிந்ததும் பெயின்ட் உரியாமல் கழற்றவும் ஒரு டேப் தேவைப்பட்டது. அதாவது, கொஞ்ச நேரம் ஒட்டி சுலபமாக உரிந்து வருவதுதான் அதன் இயல்பு.

பிரவுன் டேப்பின் இயல்பு நேர் எதிர். அட்டைப்பெட்டியில் ஒட்டினால் ஊர் போய்ச் சேரும் வரை விடக் கூடாது. திரும்ப உரித்தெடுப்பது பற்றி யாரும் அதில் யோசிக்கவில்லை.

ஸ்க்ரீனுக்கோ இரண்டும் வேண்டும். 500 பை முடியும் வரை விடாமல் பிடிக்க வேண்டும். முடிந்ததும் பசை தங்காமல் உரிந்து வர வேண்டும். ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கென்றே தயாராகும் டேப்புகள் இதை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. ஆனால் சிறு ஊர்களில் பக்கத்துக் கடையில் அவை எளிதில் கிடைப்பதில்லை. இருப்பதில் எதை எடுப்பது என்பதுதான் நடைமுறைக் கேள்வி.

மையைப் பார்த்து டேப் வாங்குங்கள்

துணிப் பைக்குப் பெரும்பாலும் தண்ணீர் கலந்த மைதான். இதில் காகித மாஸ்கிங் டேப் மெல்ல ஊறும். 20, 30 பிரதி என்றால் தாங்கிவிடும். நூற்றுக்கணக்கில் போனால் ஓரம் தூக்கிவிடும். இந்த வேலைக்குத் தண்ணீர் புகாத பிரவுன் டேப்போ, அதே வகையில் நிறமில்லாமல் வரும் டேப்போ மேல்.

விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர், சில வகைப் பத்திரிகைகளுக்குத் தின்னரில் கரையும் மை பயன்படும். இங்கே ஆபத்து டேப்பின் மேல்பக்கத்தைவிடப் பசைக்குத்தான் அதிகம். தின்னர் பட்டதும் சில பசைகள் இளகி, மையோடு கலந்து, வலைக் கண்ணை அடைத்துவிடும்.

எந்த டேப் தாங்கும் என்பதை ரோலைப் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். பழைய ஸ்க்ரீன் ஒன்றில் நாலு விரல் நீளத்துக்கு டேப்பை ஒட்டுங்கள். அதன் ஓரத்தில் நீங்கள் பயன்படுத்தும் மையை ஊற்றி 1 மணி நேரம் விடுங்கள். ஓரம் சுருண்டாலோ, தொட்டுப் பார்க்கும்போது பசை நூலாக வந்தாலோ அந்த டேப் வேண்டாம். இன்னொரு துண்டை ஒட்டி மறுநாள் காலையில் உரித்துப் பாருங்கள். வலையில் பிசுபிசுப்பு தங்கினால் அதுவும் வேண்டாம்.

வெயிலும் தூசியும்

கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த ரோலின் பசை இளகி, பக்கவாட்டில் பிதுங்கிவிடும். அப்படிப்பட்ட டேப்பை ஒட்டி, ஸ்க்ரீனையும் சூட்டிலேயே விட்டால் பசை வலையில் தங்குவது உறுதி. ரோலை நிழலில், கவருக்குள் வைப்பது நல்லது.

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் உண்டு. லாரி ஓடும் சாலையோரம் பட்டறை இருந்தால் சட்டத்தின் மேல் மெல்லிய தூசிப் படலம் எப்போதும் இருக்கும். டேப் அந்தத் தூசியில்தான் ஒட்டும், மரத்தில் ஒட்டாது. காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒட்டும் முறை

டேப்பின் பாதி அகலம் வலையிலும் மீதி சட்டத்திலும் இருக்க வேண்டும். நாலு மூலையிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். ஒட்டிய பிறகு விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். கசிவு தொடங்குவது அழுத்தாமல் விட்ட இடத்தில்தான்.

கோட்டிங்கில் ஊசித்துளை இருந்தால் அதன் மேல் ஒட்டும் சின்னத் துண்டு, துணி படும் பக்கத்தில் இருக்கட்டும். மை ஊற்றும் பக்கத்தில் ஒட்டினால் ஸ்குவீஜி அதை இழுத்துக்கொண்டு போய்விடும். அடிக்கடி பயன்படுத்தும் ஸ்க்ரீன் என்றால் டேப்பை நம்பாமல் அடைப்புக் கரைசல் தடவிவிடுவதே பாதுகாப்பு.

டிஸ்பென்சர் தேவையா?

நாளைக்கு ஒன்றிரண்டு ஸ்க்ரீன் என்றால் கத்தரிக்கோல் போதும். மாஸ்கிங் டேப்பைக் கையாலேயே கிழிக்கலாம். அதற்கு மேல் போனால் டிஸ்பென்சர் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெட்டி ஒட்டும் துப்பாக்கி வடிவ டிஸ்பென்சரைப் பலரும் வாங்குகிறார்கள். சமமான அட்டைப்பெட்டிக்கு அது அருமை. ஆனால் சட்டத்தின் உள்மூலைக்குள் அந்தத் தலை நுழையாது. ஸ்க்ரீனுக்கு மேஜை மேல் வைக்கும் கனமான டிஸ்பென்சர்தான் வசதி. ஒரு கை சட்டத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கையால் இழுத்து அறுக்கலாம்.

வாங்கும் முன் 3 விஷயங்களைப் பாருங்கள். ரோலின் நடு ஓட்டை 1 அங்குலமா, 3 அங்குலமா? உங்கள் டேப்பின் அகலத்துக்கு இடம் இருக்கிறதா? இழுக்கும்போது டிஸ்பென்சரே நகர்ந்து வருகிறதா? நகர்ந்தால் எடை போதாது. பல் வைத்த பிளேடு கையைக் கிழிக்கும், மூடி உள்ளதை வாங்குவது நல்லது.

எது மலிவு?

ரோலின் விலையைப் பார்க்காமல் ஒரு ஸ்க்ரீனுக்கு ஆகும் செலவைப் பாருங்கள். 12க்கு 16 அங்குலச் சட்டத்தின் சுற்றளவு 56 அங்குலம், அதாவது சுமார் 1.4 மீட்டர். மூலையில் ஏற்றி ஒட்டுவதையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 1.6 மீட்டர், இரு பக்கமும் ஒட்டினால் 3.2 மீட்டர். 65 மீட்டர் ரோலில் 20 ஸ்க்ரீன் ஒட்டலாம். 20 மீட்டர் ரோலில் 6 ஸ்க்ரீன்தான். நடுவில் இருக்கும் அட்டை உருளை தடிமனாக இருந்தால் கொஞ்சம் டேப் சுற்றினாலே ரோல் பெரிதாகத் தெரியும். அதனால் அளவைக் கண்ணால் எடை போடாமல், லேபிளில் எத்தனை மீட்டர் என்று படித்து வாங்குங்கள்.

உரிப்பதிலும் கவனம் தேவை

வேலை முடிந்ததும் முதலில் மையை வழித்தெடுத்து, பிறகு டேப்பை உரிக்க வேண்டும். வலையோடு படிந்த மாதிரி தாழ்வாகப் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று மேலே இழுத்தால் கோட்டிங்கும் சேர்ந்து வரும். தங்கிய பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுக்கலாம். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அடுத்த கோட்டிங் பிடிக்காது. தின்னரும் மண்ணெண்ணெயும் தீப்பிடிக்கும் பொருட்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

உரித்த டேப்பைத் தண்ணீரோடு சாக்கடையில் விடாமல் தனியாகச் சேர்த்துக் குப்பையில் போடுங்கள். பிரவுன் டேப்பும் பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக வந்த மஞ்சப்பையை அச்சிடும் பட்டறையிலிருந்தே அது கால்வாயை அடைக்கப் போகக் கூடாது.