எல் சால்வடாரில் பிட்காயின் கல்வி

மத்திய அமெரிக்காவின் சிறு நாடாகிய எல் சால்வடார், 2021 செப்டம்பர் 7ஆம் நாள் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கிற்று. கைப்பேசிச் செயலியில் பதிவு செய்த குடிமக்களுக்கு அரசு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் வழங்கிற்று. பலர் அதைச் செலவிட்டதும் செயலியைக் கைவிட்டனர்.

அவ்வாண்டே தோன்றிய 'மி ப்ரிமேர் பிட்காயின்' என்னும் தொண்டு நிறுவனம் மாணவர்க்கு இலவசமாகப் பாடம் நடத்தலாயிற்று. பணத்தின் இயல்பையும், இரகசியத் திறவுகோலைக் காக்கும் முறையையும் அறிதல் இக்கல்வியின் அடிப்படையாகும். திறவுகோலை இழந்தவருக்குப் பணத்தை மீட்டுத்தர வங்கி ஏதுமில்லை.

அயல்நாட்டுத் தொழிலையும் வல்லுநரையும் ஈர்க்க, 2023இல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வரிவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 சனவரியில், பிட்காயினை ஏற்பது வணிகரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. கட்டாயம் நீங்கினும் கற்ற கல்வி நிற்கும். வரிச்சலுகை முதலீட்டாளரை அழைத்து வரலாம். தகுந்த பணியாளரை வகுப்பறையே உருவாக்க வேண்டும்.