ஆள் அணியில் இல்லை, கணக்கில் மட்டும் 8.5 கோடி டாலர்! அமெரிக்க ஃபுட்பால் அணிகளைப் பாடாய்ப்படுத்தும் ‘சாலரி கேப்’

2024 மார்ச் மாதம். அமெரிக்காவின் டென்வர் பிராங்கோஸ் அணி, தன் நட்சத்திர வீரர் ரஸ்ஸல் வில்சனை விடுவிப்பதாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் பெரும் எதிர்பார்ப்போடு அழைத்து வரப்பட்டவர். 2022 செப்டம்பரில் அவருக்கு எழுதிக்கொடுத்த 5 ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பின் மதிப்பு சுமார் 24.5 கோடி டாலர். அந்த நீட்டிப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஆளை அனுப்பிவிட்டார்கள்.

ஆளை அனுப்பலாம், கணக்கை அனுப்ப முடியாதே! வில்சன் போன பிறகும் டென்வரின் சம்பளக் கணக்கில் அவர் பெயரில் 8.5 கோடி டாலர் நின்றது. 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி. அந்த 2024-ல் ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகையே 25.54 கோடி டாலர்தான். அதாவது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அணியிலேயே இல்லாத ஒருவருக்குப் போனது.

இன்னொரு கூத்தும் உண்டு. வில்சன் அடுத்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது, மூத்த வீரர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சம் டாலர். டென்வர் ஏற்கெனவே உத்தரவாதம் அளித்திருந்த 3.9 கோடியில் மீதி அத்தனையையும் டென்வரே கொடுத்தது. ஆடுவது ஒரு அணிக்கு, சம்பளம் இன்னொரு அணியிடமிருந்து!

இது எப்படி நடக்கிறது? ஒரு நிர்வாகம் தெரிந்தே இப்படி மாட்டிக்கொள்ளுமா? இதற்கெல்லாம் பதில், ‘சாலரி கேப்’ என்கிற சம்பள உச்சவரம்பில் இருக்கிறது.

முதலில், கேப் என்றால் என்ன?

இங்கே ஃபுட்பால் என்பது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-லில் 32 அணிகள். ஒவ்வொரு அணியிலும் சீசனின்போது 53 வீரர்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். சம்பளப் பட்டியலில் முதலிடம் எப்போதும் அவருக்குத்தான். டல்லாஸ் கவ்பாய்ஸின் டாக் பிரெஸ்காட்டுக்கு 2024-ல் எழுதிய ஒப்பந்தம் சராசரியாக ஆண்டுக்கு 6 கோடி டாலர்.

1990-களின் தொடக்கம் வரை, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர்களால் நினைத்த அணிக்கு எளிதில் மாற முடியாது. வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1993-ல் வந்த உடன்பாடு இரு தரப்புக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்தது. வீரர்களுக்கு அணி மாறும் சுதந்திரம், முதலாளிகளுக்குச் சம்பள உச்சவரம்பு. அந்த வழக்கில் பெயர் கொடுத்து முன்னின்றவர்களில் ஒருவர் ரெஜ்ஜி வைட். சுதந்திரம் கிடைத்ததும் அவர் போனது நியூயார்க்குக்கு அல்ல, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் கிரீன் பே என்ற சிற்றூருக்கு. பெருநகர அணிகளோடு சிற்றூர் அணியும் மல்லுக்கு நிற்க முடியும் என்பதுதான் இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் இன்றுவரை சொல்லும் வாதம்.

1994-ல் முதல் கேப் 3.46 கோடி டாலர். 2025-ல் அது 27.92 கோடி. லீக்கின் வருமானத்தை, முக்கியமாக டிவி உரிமைப் பணத்தை வைத்து ஆண்டுதோறும் இந்தத் தொகை முடிவாகிறது. 2021-ல் கையெழுத்தான டிவி ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு மட்டும் 10,000 கோடி டாலருக்கு மேல். வருமானத்தில் குறைந்தது 48 சதவீதம் வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது தற்போதைய ஒப்பந்தம்.

‘நம்ம ஐ.பி.எல்.-லில் 2025 சீசனுக்கான ஏலத்தில் இருந்த 120 கோடி ரூபாய் வரம்பு மாதிரிதானே?’ என்று தோன்றலாம். பாதி சரி. ஐ.பி.எல்.-லில் ஒரு வீரரை 18 கோடிக்கு எடுத்தால், அந்த ஆண்டுக் கணக்கில் 18 கோடி கழியும். கதை முடிந்தது. என்.எஃப்.எல்.-லில் கையில் கொடுக்கும் பணம் வேறு, கணக்கில் ஏறும் பணம் வேறு. மொத்த விளையாட்டும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இங்கேதான் ட்விஸ்ட்

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு வீரருக்கு 5 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கோடி, கையெழுத்துப் போட்டதும் தரும் ‘சைனிங் போனஸ்’. மீதி 5 கோடி, ஆண்டுக்கு 1 கோடி வீதம் சம்பளம்.

முதல் ஆண்டில் வீரர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது 6 கோடி. ஆனால் கேப் கணக்கில் ஏறுவது 2 கோடிதான்! ஏனென்றால், போனஸை அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. கிட்டத்தட்ட இ.எம்.ஐ. மாதிரி.

மூன்றாம் ஆண்டு அணிக்குக் கை கடிக்கிறது. என்ன செய்வார்கள்? அந்த ஆண்டுச் சம்பளமான 1 கோடியில் 90 லட்சத்தை போனஸாக மாற்றிவிடுவார்கள். மீதமிருக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் தலா 30 லட்சம். 2 கோடியாக இருந்த கணக்கு 1.4 கோடியாக இறங்கிவிடும். வீரருக்கு ஒரு பைசா குறையாது. சொல்லப்போனால், வாராவாரம் வர வேண்டிய சம்பளம் மொத்தமாகக் கைக்கு வருவதால் அவருக்கு ஜாலிதான். ஆனால் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளின் கணக்கு தலா 2.3 கோடியாக ஏறிவிடும்.

அதுவும் போதவில்லையா? ஒப்பந்தத்தின் வாலில் பொம்மை ஆண்டுகளைச் சேர்க்கலாம். வீரர் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். போனஸைப் பிரித்து எழுத இன்னும் இரண்டு கட்டம் வேண்டும், அவ்வளவே. இதற்கு ‘வாய்ட் இயர்ஸ்’ என்று பெயர்.

சிக்கல் வருவது வீரரை அனுப்பும்போது. பிரித்து எழுதிய பாக்கி அத்தனையும் ஒரே நேரத்தில் கணக்கில் வந்து விழும். இதுதான் ‘டெட் மணி’. மேலே சொன்ன வீரரை மூன்றாம் ஆண்டு முடிவில் விடுவித்தால், விழுவது 2.6 கோடி. வைத்துக்கொண்டால் 2.3 கோடிதான். அதாவது ஒருவரை அனுப்புவது வைத்துக்கொள்வதைவிடச் செலவு! ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்ததாகக் காட்டினால், இந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். வில்சன் கணக்கு 5.3, 3.2 என்று இரண்டாக உடைந்தது இந்த விதியால்தான்.

கடன்தான், ஆனால் வட்டி இல்லை

‘இது கிரெடிட் கார்டு கடன் மாதிரி, ஒருநாள் கழுத்தைப் பிடிக்கும்’ என்று அமெரிக்க ரசிகர்கள் சொல்வதுண்டு. அந்த ஒப்பீடு முழுக்கச் சரியல்ல. இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது. தவிர, கேப் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஏறுகிறது. இன்றைக்கு 10 சதவீதமாகத் தெரியும் தொகை, நான்கு ஆண்டு கழித்து 7 சதவீதமாகத் தேய்ந்துவிடும். அப்படியானால் தள்ளிப்போடுவதுதானே புத்திசாலித்தனம்?

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி அப்படித்தான் நினைத்தது. பொது மேலாளர் மிக்கி லூமிஸ் தலைமையில், குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் ஆடும் கடைசி ஆண்டுகளில் எப்படியாவது கோப்பையை வென்றுவிட வேண்டும் என்று ஆண்டுக்கு ஆண்டு பணத்தை முன்னால் தள்ளினார்கள். அணியும் நன்றாகத்தான் ஆடியது, கோப்பை மட்டும் வரவில்லை. அப்போதுதான் கோவிட். மைதானங்கள் காலி, வருமானம் சரிவு. 2020-ல் 19.82 கோடியாக இருந்த கேப், 2021-ல் 18.25 கோடியாக இறங்கியது. ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி எழுதிய கணக்கு, தலைகீழாகப் புரண்டது.

2021 தொடக்கத்தில் செயின்ட்ஸ், வரம்பைவிட ஏறத்தாழ 10 கோடி டாலர் மேலே நின்றது. புதிய லீக் ஆண்டு தொடங்கும் மார்ச் மாதத்துக்குள் கீழே வந்தாக வேண்டும். ‘அபராதம் கட்டிவிடுகிறோம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வரம்பை மீறும் ஒப்பந்தத்தை லீக் ஏற்காது.

பிரீஸ் தன் 2.5 கோடி டாலர் சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்து எழுதிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அப்படியும் அவர் பெயரில் 2 கோடிக்கும் மேல் டெட் மணி மிஞ்சியது. ஒப்பந்தம் ஒப்பந்தமாகத் திருத்தி எழுதினார்கள். அதற்குப் பிறகும் பள்ளம் நிரம்பாதபோது, ஆட்களை வெட்டினார்கள்.

வெட்டப்பட்டவர்களில் ஒருவர் தாமஸ் மோர்ஸ்டெட். பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் வீரர். 2010 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் யாரும் எதிர்பாராத குறு உதை ஒன்றை உதைத்து ஆட்டத்தைத் திருப்பியவர். செயின்ட்ஸ் வென்ற ஒரே சூப்பர் பவுல் அது. 12 சீசன் ஒரே அணி. குவார்ட்டர்பேக் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அவருடையது சில்லறைதான். ஆனால் அவர் கணக்கில் பெரிய போனஸ் பாக்கி எதுவும் தொங்கவில்லை, அனுப்பினால் உடனே பணம் மிச்சம். அதனால் அனுப்பினார்கள். அவர் அதன் பிறகும் வேறு அணிகளில் ஆண்டுக்கணக்கில் ஆடினார் என்பது வேறு விஷயம்.

கேப்பின் ஈவு இரக்கமற்ற பக்கம் இது. தப்புக் கணக்குப் போட்டது நிர்வாகம். அந்தக் கணக்கில் பெரிய போனஸ் வாங்கிய நட்சத்திரத்தை, அனுப்பினால் நஷ்டம் என்பதற்காகவே வைத்துக்கொள்வார்கள். வேலை போவது, ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும் நடுத்தரச் சம்பள வீரருக்கு. என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் உத்தரவாதம் இல்லாத பகுதி வெறும் காகிதம். ‘5 ஆண்டு, 6 கோடி’ என்று தலைப்புச் செய்தி வரும், இரண்டு ஆண்டில் ஆளை அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு உத்தரவாதம் என்பதைப் பார்க்காமல் மொத்தத் தொகையைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

செயின்ட்ஸுக்கு என்ன ஆனது? கவிழ்ந்துவிடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வரம்புக்கு மேலே தொடங்கி, அதே திருத்தங்களைச் செய்து கீழே வந்தது. ஆனால் பிரீஸுக்குப் பிந்தைய நான்கு சீசன்களில் வென்ற ஆட்டங்கள் 9, 7, 9, 5. பிளே ஆஃப் ஒருமுறைகூட இல்லை. தேறாத அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டவும் வழியில்லை. யாரை அனுப்பினாலும் பாக்கி வந்து விழும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேப் எல்லோருக்கும் ஒன்று என்றாலும், போனஸை இன்றைக்கே ரொக்கமாகக் கொடுக்கப் பணக்கார முதலாளி வேண்டும். டென்வர் அணியை 2022-ல் 465 கோடி டாலருக்கு வாங்கியது வால்மார்ட் வாரிசு ராப் வால்டனின் குழு. வில்சன் மாதிரி ஒரு தவறை விழுங்க அவர்களால் முடியும். எல்லா அணிக்கும் அந்தத் தெம்பு உண்டா என்றால், இல்லை. (இதே டென்வர் 1990-களின் பிற்பகுதியில் இரண்டு சூப்பர் பவுல் வென்ற காலத்தில் கேப் விதிகளை மீறியதற்காகப் பின்னாளில் இரண்டு முறை அபராதம் கட்டியதும், டிராஃப்ட் தேர்வுகளை இழந்ததும் தனிக் கதை.)

டென்வர் எப்படித் தப்பித்தது?

5.3 கோடியை வீணாக எழுதிய அதே 2024 சீசனில் டென்வர் 10 ஆட்டங்களில் வென்று, ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக பிளே ஆஃப் போனது. மாயம் ஒன்றும் இல்லை. டிராஃப்டில் 12-வது தேர்வாக எடுத்த போ நிக்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கின் நான்கு ஆண்டுச் சம்பளமே மொத்தம் சுமார் 1.86 கோடி டாலர்தான். வில்சன் பாக்கியையும் நிக்ஸ் சம்பளத்தையும் கூட்டினாலும், மற்ற அணிகள் ஒரு பெரிய குவார்ட்டர்பேக்குக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளத்தின் அளவுதான் வரும்.

புதுமுகங்கள் எப்போதும் இவ்வளவு மலிவாக இருந்ததில்லை. 2010-ல் டிராஃப்டின் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த ஆண்டு புதுமுகச் சம்பளத்துக்குத் தனி வரம்பு வந்தது. 2011-ன் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 2.2 கோடி. அன்றிலிருந்து, கேப் மேலாளர்கள் தேடும் புதையல் ஒன்றே ஒன்று: நன்றாக ஆடும், இன்னும் பெரிய ஒப்பந்தத்துக்கு வராத குவார்ட்டர்பேக்.

சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸுக்கு அந்தப் புதையல் கிடைத்தது. 2022 டிராஃப்டில் 262-வது, கடைசித் தேர்வு பிராக் பர்டி. 2023-ல் அவர் அடிப்படைச் சம்பளம் 8.7 லட்சம் டாலர். அந்த மிச்சத்தில்தான் நிக் போசாவுக்கு 17 கோடி ஒப்பந்தம் எழுதியும் சுற்றிலும் நட்சத்திரங்களை நிறுத்தியும் சூப்பர் பவுல் வரை போனார்கள். அங்கே கன்சாஸ் சிட்டியிடம் தோற்றார்கள்.

2025 மே மாதம் பர்டிக்கு 5 ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். அது வரப்போகிறது என்று தெரிந்தே, அதற்கு இரண்டு மாதம் முன்பே அணி மெலியத் தொடங்கிவிட்டது. டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்குப் போனார், சார்வேரியஸ் வார்ட் இண்டியானாபொலிஸுக்கு. தடுப்பாட்டக்காரர்கள் டலனோவா ஹுஃபாங்கா, டிரே கிரீன்லா இருவரையும் வளைத்துப்போட்டது டென்வர். அப்போதும் அதன் கணக்கில் வில்சனின் 3.2 கோடி இருந்தது. ஆனாலும் நிக்ஸ் மலிவாக இருக்கும்வரை செலவழிக்க டென்வரிடம் இடம் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. அணி விரும்பினால் கூடுதலாக ஓராண்டு வைத்துக்கொள்ளலாம்.