முன்பள்ளிக் குழந்தைகளுக்குப் பயற்றங்கஞ்சி

அறுவடை முடிந்து நெல் மூடைகள் திண்ணையில் அடுக்கப்பட்டிருக்கும் காலத்திலும், கமக்காரரின் குழந்தை வெறுந்தேநீரும் இரண்டு பிசுக்கோத்தும் உட்கொண்டு முன்பள்ளிக்குச் செல்வது கிராமங்களிற் காணப்படும் ஒன்றாகும். விடியுமுன் வயலுக்குப் புறப்படும் தாய் தந்தையரின் அவசரமே இதற்குக் காரணம். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. எனினும் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இரைப்பை சிறியது. அது ஒரே வேளையில் வேண்டியவளவு உண்ணவும் மாட்டாது, நண்பகல்வரை பசி பொறுக்கவும் மாட்டாது. தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும் இயல்புடையது. ஆதலின் முற்பகல் பத்து மணியளவில் முன்பள்ளியிலேயே ஒருவேளை உணவு அளித்தல் இன்றியமையாததாகின்றது.

2022 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் உணவுப் பண்டங்களின் விலையேற்றம் கொழும்பிலே 90 சதவீதத்தைக் கடந்தபொழுது, பால்மாவையும் கடைச் சரக்கையும் நம்பிய இல்லங்கள் பெரிதும் இடர்ப்பட்டன. வயலிலும் தோட்டத்திலும் விளைவதைக் கொண்டு குழந்தையை ஊட்டும் வழியை அறிந்துவைத்தல் அத்தகைய காலத்துக்கும் உதவும்.

ஆயினும் ஒரு பானையிற் சமைத்துப் பல வீட்டுக் குழந்தைகளுக்கு அளிக்கும்போது சத்து மட்டுமே கருதற்பாலதன்று. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலே தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வூர்க் குழந்தைகள் ஒரே பாயில் அமரும் இடத்தில், சைவ வீட்டார் மாட்டிறைச்சியை விலக்குவர்; சிலர் முட்டையையும் தொடார். முஸ்லிம் வீட்டார் முறைப்படி அறுக்கப்படாத இறைச்சியை ஏலார். பௌத்தருட் பலர் போயா நாளிலே மரக்கறி உணவே கொள்வர். ஒரு குழந்தை தன் கோப்பையை மட்டும் அப்பால் தள்ளிவைத்து ஏனையோர் உண்பதைப் பார்த்திருக்கும் நிலை நேருமாயின், அவ்வுணவு எத்துணைச் சத்துடையதாயினும் பயனில்லை. முட்டை, மீன், இறைச்சி ஆகியவை வீட்டிலே வழக்கப்படி ஊட்டப்படட்டும். பொதுப் பானைக்கு அவை வேண்டா.

எல்லாரும் ஏற்கும் உணவு ஒன்று ஏற்கெனவே உண்டு. சைவர் ஆடிப்பிறப்பிலே கூழ் காய்ச்சுகின்றனர். முஸ்லிம்கள் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சுகின்றனர். சிங்கள மக்கள் காலையில் இலைக்கஞ்சி அருந்துகின்றனர். பெயரும் பக்குவமும் வேறாயினும் அரிசியும் நீரும் பொதுவே. அதனோடு பயறும் தேங்காய்ப்பாலும் கீரையும் சேரின் குழந்தைக்குரிய நல்லுணவாகும். அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள இலைசின் என்னும் கூறு பயற்றிலே மிகுதி. பயற்றிற் குறைவாயுள்ள மெதியோனின் அரிசியில் உண்டு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு, கீரையிலுள்ள கரோட்டின் உடலிற் சேர உதவுகின்றது.

இருபது குழந்தைகளுக்குச் சிவப்பரிசி நொய் 600 கிராம், பயறு 300 கிராம், தேங்காய் ஒன்று, முருங்கையிலை அல்லது பொன்னாங்காணி இரண்டு கைப்பிடி போதும். பயற்றை முதல்நாட் பகலில் ஊறவைத்து, இரவில் ஈரத்துணியிற் கட்டி முளைகாட்டச் செய்தல் நன்று. முளைத்த பயறு எளிதிற் செரிக்கும். பயறும் நொய்யும் குழைய வெந்தபின் கீரையை அரிந்திட்டு, ஓரிரு கொதியில் தேங்காய்ப்பாலும் சிறிதளவு உப்பும் சேர்த்து இறக்குக. அகப்பையில் ஒட்டும் பதத்திற் கஞ்சி இருத்தல்வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி வலுவைத் தராது. ஆறியபின் தேசிக்காய்ச் சாறு சிறிது பிழிந்தால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

பானையும் அகப்பையும் முன்பள்ளிக்கென்றே தனியாக இருத்தல் நல்லது. அவற்றில் இறைச்சி சமைத்தல் ஆகாது. கோயிலிற் படைத்த உணவை முஸ்லிம் பெற்றோர் சிலர் ஏலார் என்பதால், கஞ்சியை முன்பள்ளியிலேயே காய்ச்சுக. தாய்மார் முறைவைத்துச் சமைக்கும் இடங்களில் நோன்பு மாதத்திலே முஸ்லிம் தாய்மார் உப்புப் பார்க்கமாட்டார்கள்; அன்றைக்கு மற்றொரு தாய் உடன் நிற்பது போதும். சிறு குழந்தைகளுக்கு நோன்பு கடமையன்று; அம்மாதத்திலும் அவர்களுக்குக் கஞ்சி வேண்டும்.

ஆண்டுக்கு 200 பள்ளிநாள் எனக் கொள்ளின் இருபது குழந்தைகளுக்கு 60 கிலோ பயறு செல்லும். செவ்வையாய் விளையும் கால் ஏக்கர் இதனைத் தரும். பெரும்போக அறுவடையின்பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டே பயறு விதைக்கலாம். எம்.ஐ. 6 போன்ற குறுங்கால இனங்கள் ஏறக்குறைய 60 நாளில் முற்றும். நீர் தேங்கும் வயல் இப்பயிருக்கு ஒவ்வாது. வடிகால் வெட்டியபின்னரே விதைத்தல்வேண்டும்.

மரக்கறித் தோட்டக்காரர் கீரை கொடுக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. பூச்சிகொல்லி தெளித்த பாத்தியின் கீரையை, மருந்துப் போத்தலிற் குறித்த இடைவெளி நாட்கள் கழியுமுன் பறித்தல் கூடாது. முன்பள்ளிக்கென நான்கு முழப் பாத்தியொன்றை மருந்து படாமல் ஒதுக்கிவைத்தலே உத்தமம். அடுத்த பாத்தியிலிருந்து காற்றுவழி மருந்து வாராதவாறு அது தோட்டத்தின் காற்றுமுகப்பில் அமைதல்வேண்டும்.

பயற்றைச் சேமிக்குமுன் பல்லாற் கடித்தால் உடையும்வரை வெயிலிற் காயவிட்டு, ஆறியபின் காற்றுப்புகாத தகரத்தில் இட்டு மூடுக. மாதமொருமுறை திறந்து பார்த்து, வண்டு கண்டவுடன் மீண்டும் உலர்த்திப் புடைத்து, துளைபட்டவற்றை நீக்கி, எஞ்சியதை முதலிற் சமையலுக்கு எடுத்துக்கொள்க.