தொழிலகத் தீச்சுடர் உணரிகளுடன் இலக்கமுறைத் தொடர்பு அமைத்தல்: நெறிமுறைகளும் பாதுகாப்பு வரம்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணெய்க் கிடங்குகள், எரிவாயு நிலையங்கள், வேதித் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் நிறுவப்படும் தீச்சுடர் உணரிகள், தீ எச்சரிக்கையுடன் தம் நிலை குறித்த செய்திகளையும் இன்று இலக்கமுறையில் அனுப்புகின்றன. ஹார்ட், மோட்பஸ் ஆகிய இரு நெறிமுறைகளின்வழி இத்தொடர்பை அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. செய்தி வராமையைத் தீயின்மை எனக் கொள்ளாதவாறு அமைப்பதே இப்பணியின் மையம் என்பதும், தீ எச்சரிக்கைக்குத் தனிக்கம்பி வழி இன்றியமையாதது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: தீச்சுடர் உணரி, ஹார்ட், மோட்பஸ், தன்சோதனை, பழுது, உயிர்த்துடிப்பு எண்.

முன்னுரை

தமிழில் ‘அமைதி’ என்னும் சொல் ஓசையின்மையையும் கேடின்மையையும் ஒருசேரக் குறிக்கும். தீ கண்டறியும் அமைப்பில் இவ்விரண்டும் வேறு வேறானவை. உணரி ‘தீ இல்லை’ எனச் சொல்வது ஒன்று. உணரி எதுவுமே சொல்லாதிருப்பது மற்றொன்று. கட்டுப்பாட்டு அறையின் திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுமாயின் அவ்வமைப்பு பயனற்றது. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே இலக்கமுறைத் தொடர்பின் ஒவ்வொரு படியும் இங்கு ஆராயப்படுகிறது.

1. உணரி காண்பதும் காணத் தவறுவதும்

திறந்தவெளியில் புகை காற்றில் கலைந்துவிடும். எனவே இவ்வுணரிகள் புகைக்குக் காத்திராமல் சுடரின் கதிர்வீச்சைத் தொலைவிலிருந்தே காண்கின்றன. பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன் எரியும்போது உண்டாகும் சூடான கார்பன் டை ஆக்சைடு, 4.3 முதல் 4.4 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புப் பட்டையில் வலுவாகக் கதிர்வீசுகிறது. புற ஊதா வகை உணரிகள் ஏறத்தாழ 185 முதல் 260 நானோமீட்டர் வரையிலான பட்டையை நோக்குகின்றன. இவ்விரு பட்டைகளிலும் சூரியக் கதிரைப் பெரிதும் வளிமண்டலமே உட்கவர்ந்துகொள்வதால் பகலொளியிலும் சுடரைப் பிரித்தறிய முடிகிறது.

ஆயினும் உணரியின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால் புற ஊதாக் கதிர் தடைபடும். நீரோ பனிக்கட்டியோ படிந்தால் அகச்சிவப்புக் கதிர் தடைபடும். இதன் பொருட்டு உணரிகள் பல, தம்முள் உள்ள ஒளிமூலத்தைக்கொண்டு கண்ணாடியின் தெளிவைத் தாமே அவ்வப்போது சோதித்துக்கொள்கின்றன. இத்தன்சோதனையின் முடிவை விரிவாகத் தெரிவிப்பதே இலக்கமுறைத் தொடர்பின் முதற்பயன்.

2. மின்னோட்ட வழியின் எல்லை

பெரும்பாலான உணரிகள் 4–20 மில்லியாம்பியர் மின்னோட்ட வெளியீட்டைக் கொண்டுள்ளன. பொதுவாக 4 மில்லியாம்பியர் இயல்பு நிலையையும், 20 மில்லியாம்பியர் தீயையும், 4க்குக் குறைந்த மதிப்புகள் பழுதையும் உணர்த்தும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும்; ஆகவே இவ்வழியில் மௌனமும் ஒரு செய்தியே. எனினும் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே இவ்வழி சொல்லும். பழுதுக்குக் காரணம் அழுக்கா, மின்னழுத்தக் குறைவா, மிகைவெப்பமா என்பதை அறிய ஒருவர் கோபுரத்தின்மேல் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

3. ஹார்ட் நெறிமுறை

ரோஸ்மவுண்ட் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கிய ஹார்ட், இருக்கும் மின்னோட்டக் கம்பியிலேயே இலக்கச் செய்தியை ஏற்றி அனுப்புகிறது. 1 என்னும் பிட்டுக்கு 1,200 ஹெர்ட்ஸும் 0 என்னும் பிட்டுக்கு 2,200 ஹெர்ட்ஸும் பயன்படுகின்றன. இவ்வலையின் சராசரி சுழியம் ஆதலால் மின்னோட்டத்தின் மதிப்பு மாறுவதில்லை. தொடர்பு நிகழச் சுற்றில் ஏறத்தாழ 250 ஓம் மின்தடை இருத்தல் வேண்டும். கட்டுப்படுத்தியின் உள்ளீட்டுத் தடை இதனினும் மிகக் குறைவாயின் தனியே ஒரு தடையத்தைச் சேர்க்க வேண்டும்.

ஒரே கம்பி இணையில் பல கருவிகளை இணைக்கும் முறையும் ஹார்ட்டில் உண்டு. அம்முறையில் ஒவ்வொரு கருவியின் மின்னோட்டமும் வழக்கமாக 4 மில்லியாம்பியரில் நிலைநிறுத்தப்படும். வெப்பநிலை அளவிக்கு இதனால் தீங்கில்லை. தீச்சுடர் உணரிக்கோ 4 மில்லியாம்பியர் என்பது ‘இயல்பு’ எனப் பொருள்படும். தீ பற்றினாலும் மின்னோட்ட வழி இயல்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பழைய பதிப்புகளில் முகவரியை 0 அல்லாத எண்ணாக மாற்றினாலே இந்நிலை உண்டாகும். பிந்தைய பதிப்புகளில் இதற்கெனத் தனி அமைப்பு உள்ளது. எனவே முகவரி இட்டபின் மின்னோட்டம் உண்மையில் மாறுகிறதா என்பதைச் சோதனை விளக்கால் சரிபார்ப்பது கட்டாயம்.

4. மோட்பஸ் நெறிமுறை

மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மோட்பஸ், உணரிகளில் பெரும்பாலும் ஆர்.எஸ்.-485 கம்பியின்மீது இயங்குகிறது. கம்பியை ஒரே நீள்வரிசையாக இட்டு, அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடையம் பொருத்த வேண்டும். நட்சத்திர வடிவில் பிரிக்கலாகாது. ஒவ்வோர் உணரிக்கும் 1 முதல் 247 வரையிலான முகவரிகளில் தனித்தனி எண் தரப்பட வேண்டும். வேகம், பாரிட்டி, நிறுத்தப் பிட் ஆகியவை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாதல் வேண்டும்.

பதிவக எண்ணில் நேரும் பிழை நுட்பமானது. கையேட்டில் 40001 என அச்சாகியிருக்கும் பதிவகம் கம்பியில் 0 என்னும் எண்ணாகவே செல்லும். இதனைக் கவனியாவிடில் அடுத்த பதிவகம் படிக்கப்படும். அதில் 0 இருந்தால் திரை அதனைத் ‘தீ இல்லை’ எனக் காட்டும். தொடர்பு குறையின்றி நடக்கும். செய்தி மட்டும் பொய்யாகும்.

5. கால அளவு

உணரிகளை ஒவ்வொன்றாக வினவுவதே மோட்பஸின் முறை. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், எழுத்துக்கு 11 பிட் எனக் கொண்டால், 8 பைட் வினாவும் நான்கு பதிவகங்களுக்கான 13 பைட் விடையும் ஏறத்தாழ 24 மில்லிநொடி எடுக்கும். இடைவெளிகளுக்கு 8, உணரி விடையளிக்க 20 எனச் சேர்த்தால் ஓர் உணரிக்கு 52 மில்லிநொடி ஆகும். 30 உணரிகளை ஒருசுற்று வினவ ஏறத்தாழ 1.6 நொடி போதும்.

ஓர் உணரி விடையளிக்கவில்லை எனக் கொள்வோம். ஒவ்வொரு முயற்சிக்கும் 1 நொடி காத்து மூன்று முறை முயலுமாறு அமைத்திருந்தால், அந்தச் சுற்று 4.5 நொடியாக நீளும். மூன்று உணரிகள் பேசாவிடில் 10 நொடியைத் தாண்டும். தீ விபத்தில் முதலில் கருகுவனவற்றுள் கம்பிகளும் அடங்கும். ஆகவே விரைவு மிகத் தேவைப்படும் வேளையிலேயே இவ்வழி மந்தமாகிறது. காத்திருப்பு நேரத்தைக் குறைத்தலும், பேசாத உணரியை இடைவெளிவிட்டு வினவுதலும், உணரிகளைப் பல கம்பிகளில் பகிர்தலும் இதற்கான தீர்வுகளாகும்.

6. மாறாத மதிப்பு என்னும் கேடு

தொடர்பு அறுந்தபின் கட்டுப்படுத்தி, இறுதியாகப் பெற்ற மதிப்பையே வைத்திருக்குமாறு அமைவது உண்டு. உறைந்த மதிப்பு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு மட்ட அளவி ஒன்று சான்றாகிறது. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று அதிகாலை 3 மணியளவில், 912ஆம் தொட்டியின் மட்ட அளவி நின்றுபோயிற்று. பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்க, திரை ஒரே மட்டத்தைக் காட்டியது. தனியே பொருத்தப்பட்டிருந்த உச்சமட்ட நிறுத்தியும் செயற்படவில்லை. தொட்டி வழிந்து, திரண்ட ஆவி 6 மணியளவில் வெடித்தது. 40க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாறாத எண்ணும் அமைதியாகவே தோன்றும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இதனைத் தவிர்க்க, உணரியில் இடைவிடாது மாறும் எண் ஏதேனும் இருப்பின், எடுத்துக்காட்டாக இயங்குநேர எண்ணி, அதனை உயிர்த்துடிப்பு எண்ணாகக் கொள்ளலாம். அது குறித்த காலத்துக்குள் மாறாவிடில் ‘பழுது’ என அறிவிக்க வேண்டும். ‘தீ’, ‘பழுது’, ‘தொடர்பின்மை’, ‘இயல்பு’ ஆகிய நான்கும் திரையில் தனித்தனி நிலைகளாதல் வேண்டும்.

7. பணிப் பகிர்வு

மோட்பஸின் பிழையறி முறை, கம்பியில் சிதைந்த செய்தியை இனங்காண்பதற்கானது. வராத செய்தியையும் பழைய செய்தியையும் அது அறியாது. ஆதலால் தீயணைப்பு நீரைத் திறத்தல், எரிபொருள் ஓட்டத்தை நிறுத்தல் ஆகிய செயல்களை ரிலே அல்லது மின்னோட்ட வழியே தூண்ட வேண்டும். கண்ணாடியின் நிலை, வெப்பநிலை, மின்னழுத்தம், நிகழ்வுப் பதிவு ஆகியவற்றுக்கு இலக்கமுறை வழி உரியது. அவ்வழியே உணரியின் கூருணர்வை எவரும் மாற்றிவிடாதபடி எழுதுதடையும் இடப்பட வேண்டும்.

முடிவுரை

இலக்கமுறைத் தொடர்பு, உணரி தன் குறையைத் தானே சொல்ல வழிசெய்கிறது. பராமரிப்பவர் கோபுரம் ஏறுமுன் காரணத்தை அறிகிறார். எனினும் விடை வந்துவிட்டது என்பதால் அமைப்புப் பணி நிறைவுறாது. சோதனை விளக்கால் தீயையும், கண்ணாடியை மறைத்துப் பழுதையும், கம்பியைக் கழற்றித் தொடர்பின்மையையும் ஒவ்வோர் உணரியிலும் உண்டாக்கி, அவை திரையில் வேறுவேறாகத் தெரிவதைக் கண்ட பின்னரே அப்பணி முடிந்தது எனலாம்.