பழைய பித்தளை வாங்கப் போறீங்களா?

போன வாரம் எபிசோடு வரலை, மன்னிச்சிடுங்க. ரிலீஸ் வேலை, ராத்திரி 2 மணிக்கும் போன் அடிச்சுது. அது முடிஞ்ச சனிக்கிழமை, லேப்டாப்பை மூடிட்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வர்ற தூண், எனாமல் பாத்திரம், பித்தளைச் சாமான் எல்லாம் விக்கிற கடைகள் அங்கே வரிசையா இருக்கு.

பித்தளைன்னா கையில ஒரு காந்தம் வச்சுக்கோங்க. ஒட்டினா உள்ளே இரும்பு. ஒட்டலைங்கிறதாலயே அது பழசுன்னு ஆகிடாது. பிடியையும் அடியையும் பாருங்க: புழங்கின பாத்திரம் கை படுற இடத்துலதான் தேஞ்சிருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தா சந்தேகப்படுங்க.

வெட்டின எழுத்தையும் தடவிப் பாருங்க. நான் எடுத்த தூக்குல நாலு எழுத்து, ஓரமெல்லாம் மழுங்கி இருந்தது. குடும்ப முன்னெழுத்து, அங்கே அதுக்கு விலாசம்னு பேரு. யார் வீட்டுப் பொண்ணுக்கோ சீராக் கொடுத்ததா இருக்கும். பேரம் பேச வாய் வரலை, சொன்ன விலையைக் கொடுத்துட்டேன். அம்மா இன்னும் திட்டுறாங்க.