மூட்டு அறுவைக்குப் பின் வலி தணிக்கும் எபிடியூரல் துணைமருந்துகள்

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து, மிதிக்கட்டைகளை மாறி மாறி மிதித்துப் பட்டு நெய்பவர்களுக்கு முழங்காலே பிழைப்பு என்பதால், அது தேய்ந்து செயற்கை மூட்டுப் பொருத்த நேரும்போது, அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாள்களின் வலியைத் தணிப்பது சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகிறது. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காமல் கிடந்தால் மூட்டு இறுகுவதோடு, கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது.

எபிடியூரல் முறையில், தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் மெல்லிய குழாய் செருகப்பட்டு, அதன் வழியே புபிவகைன் போன்ற மரப்பு மருந்து செலுத்தப்படுகிறது. இம்மருந்தின் அளவு கூடினால் வலியோடு கால்வலுவும் குறைந்து, நோயாளி எழுந்து நடக்க முடியாமற்போகும். ஆகவே அதன் செறிவை 0.125 சதவீதம் போன்ற குறைந்த அளவில் வைத்து, மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அளவில் ஃபென்டனில் போன்ற மருந்தைச் சேர்ப்பது வழக்கம். இவ்வாறு சேர்க்கப்படுபவையே துணைமருந்துகள்.

எபிடியூரல் வழியே மார்பின் செலுத்தி வலி தணிக்கலாம் என்பதை இஸ்ரேல் மருத்துவர்கள் 1979இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். அபின் வகையைச் சேர்ந்த மார்பினும் ஃபென்டனிலும் தண்டுவடத்தில் வலிச்செய்தி மேலேறுவதைத் தடுக்கின்றன. ஃபென்டனில் விரைவில் வேலைசெய்து சில மணி நேரத்தில் ஓய, மார்பின் மெல்லத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாள்வரை நீடிக்கிறது. குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகியவை வேறு வழியில் செயல்பட்டு மரப்பின் நேரத்தை நீட்டுகின்றன.

இவற்றில் எதுவும் பக்கவிளைவு இல்லாததன்று. அபின் வகை மருந்துகளால் அரிப்பும் குமட்டலும் சிறுநீர்த் தடையும் வரலாம். மார்பினால் பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தப்படக்கூடும் என்பதால், அன்றிரவு முழுவதும் செவிலியர் மூச்சு எண்ணிக்கையையும் விழிப்புநிலையையும் குறித்துவர வேண்டும். குளோனிடினும் டெக்ஸ்மெடிடோமிடினும் இரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் தாழ்த்தக்கூடியவை. இக்காரணங்களால், தொடைப்பகுதி நரம்பை மட்டும் மரக்கச்செய்யும் முறையைப் பல மருத்துவமனைகள் இன்று விரும்புகின்றன.

செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு இந்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. மூட்டு எட்டும் விலையில் கிடைத்தால் போதாது, வலிதணிப்பும் இரவுக் கண்காணிப்பும் உடன் கிடைக்க வேண்டும். அறுவைக்குச் செல்வோர், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரைகளை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும்.