பதினோராம் குடிலுக்குக் கிடைத்த நியாயம்

போர் முடிந்துவிட்டது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், யார் கண்ணுக்கும் படாத 600வது மாடியில், ஒலிம்பஸ் தேவர்களின் சபை கூடியிருக்கிறது. ஊரைக் காப்பாற்றிய பையனுக்கு அன்றுதான் 16 வயது. அவனுக்குச் சாகாவரம் தந்து தேவனாக்கிக்கொள்ள ஸ்யூஸ் முன்வருகிறார். பையன் வேண்டாம் என்கிறான்.

ரிக் ரியோர்டனின் பெர்ஸி ஜாக்சன் வரிசையில் ஐந்தாவது நாவலான ‘தி லாஸ்ட் ஒலிம்பியன்’ தொடும் உச்சம் இது. 2009இல் வந்த புத்தகம் என்பதால், முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

சாகாவரத்துக்குப் பதிலாக பெர்ஸி வேறொன்று கேட்கிறான். தேவர்கள் பூமியில் பெற்றுப்போட்ட பிள்ளைகளை 13 வயதுக்குள் தம் பிள்ளை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் முகாமில் சொந்தக் குடில் வேண்டும்.

இந்தக் கோரிக்கையின் வேர் 2005இல் வந்த ‘தி லைட்னிங் தீஃப்’பில் இருக்கிறது. தேவப்பிள்ளைகள் பயிற்சி பெறும் முகாமில் 12 குடில்கள். பதினோராவது, வழிப்போக்கர்களின் தெய்வமான ஹெர்மீஸுக்கு உரியது. தகப்பன் யார், தாய் யார் என்று தெரியாத பிள்ளைகளையெல்லாம் அதில்தான் தங்க வைப்பார்கள். கட்டில் போதாமல் தரையில் படுக்கையை விரித்து நெருக்கியடித்துக் கிடப்பார்கள். பெர்ஸியும் அங்கேதான் படுத்தான். முதல் வாசிப்பில் அது வேடிக்கையான ஹாஸ்டல் காட்சி. ஐந்தாவது புத்தகத்தில்தான் தெரிகிறது, போருக்கே காரணம் அந்தக் குடில் என்று.

அந்தக் குடிலின் தலைவனாக இருந்த லூக்தான் பிறகு எதிரணிக்குப் போய், தேவர்களின் எதிரியான டைட்டன் க்ரோனோஸுக்குத் தன் உடலையே கொடுக்கிறவன். அவன் வீட்டுக்கு பெர்ஸி போகும் அத்தியாயம் ஐந்து நாவல்களிலும் ஆகச் சிறந்தது. குறிசொல்லும் ஆவியைத் தன்னுள் ஏற்க முயன்று புத்தி பேதலித்துப்போன தாய், வீட்டைவிட்டு ஓடிப்போன மகனுக்காக இன்னமும் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லாம் கருகியவை. வருகிறவர்கள் எல்லாருமே அவளுக்கு மகன்தான். ஹெர்மீஸுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. இதைப் படித்த பிறகு லூக்கை வில்லன் என்று சொல்ல வாய் வராது. கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கோபம் புதிதல்ல. அவனுக்கும் போர் நெருங்கிய பிறகுதானே பிறப்பைச் சொன்னார்கள்!

அதனால் கடைசிச் சண்டை வாள்வீச்சில் தீர்வதில்லை. தன் தோழி அனபெத்தின் கத்தியை பெர்ஸி லூக்கின் கையிலேயே கொடுத்துவிடுகிறான். லூக் தன்னைத்தானே குத்திக்கொண்டு க்ரோனோஸை முடிக்கிறான். தொடரில் பேசப்படும் தீர்க்கதரிசனம் குறிப்பிட்ட வீரன் பெர்ஸி அல்ல, லூக். நாயகனின் பங்கு, எதிரியை நம்பியது மட்டுமே. சிறுவர் நாவலில் இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

தலைப்பில் வரும் ‘கடைசி ஒலிம்பியன்’ அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியா. முதல் நாவலிலேயே கோலால் கங்குகளைக் கிளறிக்கொண்டிருக்கும் சிறுமியாக ஒரு வரியில் வந்து போயிருப்பாள். யாரும் கவனித்திருக்க மாட்டோம். பண்டோராவின் ஜாடியில் மிஞ்சிய நம்பிக்கையை பெர்ஸி அவளிடம்தான் ஒப்படைக்கிறான்.

குறையும் உண்டு. மன்ஹாட்டன் போர் நீள்கிறது. அசுரர் பட்டியலில் எனக்கு மூச்சு வாங்கியது. முடிவிலேயே புதிய தீர்க்கதரிசனம் ஒன்றைச் செருகி, 2010இல் அடுத்த வரிசையையும் தொடங்கிவிட்டார் ரியோர்டன். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், கவனக்குறைபாடும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமமும் கொண்ட தன் மகனுக்கு இரவில் சொன்ன கதையில் தொடங்கியது பெர்ஸி வரிசை. தகப்பன் பிள்ளையை ஏற்றுக்கொள்வதில் கதை முடிவது அதற்குப் பொருத்தம்தான்.

2010, 2013 ஆண்டுகளில் வந்த இரண்டு திரைப்படங்களும் இந்த முடிவை எட்டவே இல்லை. ஆகவே படம் பார்த்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்குவதானால் ஐந்தையும் சேர்த்து வாங்குங்கள். முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள்.